சேற்று மாந்தர் என்ன சாப்பிடுவார்கள்?

1

இந்தக் கதை என்னிடம் கதையாக வரவில்லை. பிழை திருத்தச் சொல்லி வந்த ஓர் அறிக்கையாக வந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருப்பவள் எழிலரசி. அரசாங்கத்தில் நீர்வளப் பொறியாளர். கெடிலத்தில் எவ்வளவு தண்ணீர் போகிறது, எந்தக் கரை பலவீனம் என்று பார்ப்பது அவள் வேலை. ஒருநாள் சாயந்தரம் எட்டுப் பக்கத்தை நீட்டி, "ஒற்றுப்பிழை மட்டும் பாருங்க, விஷயத்துல கை வைக்காதீங்க" என்றாள்.

நான் விஷயத்தில்தான் கை வைத்தேன். பிறகு அவளே நடந்ததையெல்லாம் சொல்லி, எழுதிக்கொள்ளவும் சம்மதித்தாள். ஒரே நிபந்தனை: அவளை நல்லவளாகக் காட்டக் கூடாது.

அறிக்கை ஒரு விளையாட்டைப் பற்றியது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடத்தை மனதில் தரித்துக்கொண்டு, பேசியே ஆடுகிற ஆட்டம். ஒருவர் வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடர். ஆட்டம் நடத்துபவர் "எதிரே ஒரு குகை, என்ன செய்யறீங்க?" என்று கேட்பார். செய்வது பலிக்குமா என்பதை இருபது பக்கமுள்ள டைஸ் சொல்லும். இந்த ஆட்டத்தைத் தமிழில் போடும் சிறு பதிப்பகம் ஒன்று, கற்பனை உலகின் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கையேடு கொண்டுவருகிறது. வரைபடம், ஊர்கள், குடிகள், பேய் பிசாசுகள் எல்லாம் அதில் இருக்கும். புதிதாக வந்த 'ஏழுகழி நாடு' கையேட்டை அச்சுக்குப் போகும்முன் மதிப்பிட்டுத் தரச் சொல்லி, நாலு வருடமாக இந்த ஆட்டத்தை நடத்திவரும் எழிலரசிக்கு அனுப்பியிருந்தார்கள். எழுதியவர் பெயர் மறைக்கப்பட்டிருந்தது. படித்தால் மட்டும் போதாது, கையேட்டைப் பார்த்திராத மூன்று பேரோடு ஆடியும் பார்க்க வேண்டும். வேண்டாம் என்று அவள் எழுதினால் புத்தகம் வராது.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதினேன்.

"ஏழுகழி நாட்டின் மேல் கதிரவன் சாய, வேலேந்திய வீராங்கனை ஒருத்தி—" நிறுத்திவிட்டேன். இது கையேட்டின் குரல். எனக்கு முட்டி வலி. வேலெல்லாம் தூக்க முடியாது.

"எழிலரசிக்குச் சின்ன வயதிலிருந்தே ஆறுகள் என்றால்—" பொய். "வேலை கிடைச்சுது, ஆறு கூடவே வந்துது" என்றுதான் அவள் சொன்னாள்.

மூன்றாவது இது: ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குச் சிதம்பரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது எழிலரசி தனக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

இதை வைத்துக்கொள்வோம்.

அவள் சிரித்ததற்குக் காரணம் அறிக்கையில் முதல்நாள் எழுதிய ஒரு வாக்கியம். கையேட்டின் வரைபடத்தில் ஆறு கடலில் புறப்பட்டு மலைமேல் ஏறியது. ஓட்டத்தைக் காட்டும் அம்புக்குறிகள் எல்லாம் மேட்டைப் பார்த்தே போயின. பதினான்கு வருடம் ஆற்றோடு மாரடித்தவளுக்கு அது பொறுக்கவில்லை. எழுதினாள்: "இந்நூலாசிரியர் தம் வாழ்நாளில் ஓர் ஆற்றையும் நேரில் கண்டதில்லை என்று கருத இடமுண்டு."*

* என் கைக்கு வந்த பிரதியில் இந்த வாக்கியத்தைக் கோடு போட்டு அடித்திருந்தாள். படித்துவிட்டு நானும் சிரித்தேன். அதையும் பதிவு செய்ய வேண்டும்.

3

கீழவீதிக்குப் பக்கத்தில் ரேகாவின் டியூஷன் சென்டர். ஞாயிறு வகுப்பு இல்லாததால் மாடி அறையில் நாலு வருடமாக ஆட்டம் நடக்கிறது. வழக்கமாக வருபவர்கள்: ரேகா, எழிலரசி, பாங்கில் வேலை பார்க்கும் ஜெயப்பிரகாஷ், பெண்ணாடத்துச் சர்க்கரை ஆலையில் கெமிஸ்டாக இருக்கும் மணவாளன்.

மணவாளனை என்ன செய்வதென்று எனக்கு ரொம்ப நாள் தெரியவில்லை. நாற்பத்தைந்து வயது, சாந்தமான ஆள், ஆட்டத்தில் எப்போதும் வைத்தியர் வேடம்தான் எடுப்பார், யாரையும் வெட்டமாட்டார். கதைக்கு இவ்வளவு அமைதியான ஆள் ஆகாது என்று முதல் பிரதியில் அவரை நீக்கியே விட்டேன். அந்தப் பிரதி ஐந்தாவது பக்கத்தில் செத்துப்போனது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

அன்றைக்கு ஜெயப்பிரகாஷுக்குக் காய்ச்சல். மூன்று பேர் வேண்டுமே என்று எழிலரசி தவிக்க, ரேகா தன் மாமியாரைப் பிடித்து உட்காரவைத்தாள். ஆரோக்கியம்மாள். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் மீன் ஏலம் கூவுகிறவர். மருமகள் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர்.

"எனக்கு இன்னா தெரியும்? சீட்டாட்டமே தெரியாது," என்றார்.

"பேசத் தெரிஞ்சா போதும் அத்த," என்றாள் ரேகா.

"அப்ப சரி."

ஆட்டம் தொடங்குமுன் எழிலரசி ஆசை தாங்காமல் அந்த வாக்கியத்தைப் படித்துக் காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். மணவாளன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. அது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

4

ஆட்டத்தில் மூவரும் படகில் உப்பங்கழிக்குள் போகிறார்கள். இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு. தண்ணீருக்குள்ளிருந்து பன்னிரண்டு சேற்று மாந்தர் எழுகிறார்கள். கையேட்டில் அவர்களைப் பற்றி இருந்தது இவ்வளவுதான்: "கண்டதும் தாக்குவர். உயிர்ப்புள்ளி பதினொன்று. புதையல் இல்லை." உயிர்ப்புள்ளி என்பது எவ்வளவு அடி தாங்குவார்கள் என்ற கணக்கு.

"என்ன செய்யறீங்க?" என்று கேட்டாள் எழிலரசி.

ரேகா வாளை உருவினாள். ஆரோக்கியம்மாள் மட்டும், "இரு இரு. இவுங்க இன்னா சாப்புடுவாங்க?" என்றார்.

எழிலரசி பக்கத்தைப் புரட்டினாள். "அது போடலங்க."

"தண்ணியில கெடக்கறவுங்க, மீன்தான் சாப்புடுவாங்க. மீனுன்னா வலை இருக்கும். வலைன்னா கிழியும். என் பையில ஊசி நூலு இருக்குதா பாரு."

ஆரோக்கியம்மாளுக்குக் கொடுத்திருந்தது திருடி வேடம். பையில் கயிறு, மெழுகுவர்த்தி, கள்ளச்சாவி எல்லாம் எழுதியிருந்தது. கடைசி வரியில் ஊசியும் நூலும் இருந்தன.

"அப்ப வாள உள்ள போடச் சொல்லு அந்தப் பொண்ண. யோவ், வாங்கய்யா! கிழிஞ்ச வலையெல்லாம் கொண்டாங்க! ஒரு வலை தெச்சுக் குடுக்க ஒரு கூடை நண்டு! ஒரு கூடை, ஒரு கூடை, ரெண்டு கூடை யாரு?"

அறையே அதிர்ந்தது. கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் மாடிப்படியில் ஏறி வந்து எட்டிப்பார்த்தார். ஆரோக்கியம்மாள் டைஸை உருட்டினார். இருபது விழுந்தது. அதற்குமேல் எண்ணே கிடையாது என்று சொன்னதும், "நான் கூவி ஏறாத வெலை உண்டா?" என்று கேட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டார்.

பன்னிரண்டு அரக்கர்களும் படகோரம் உட்கார்ந்து வலை பிரித்தார்கள். கையேட்டில் அடுத்த இருபது பக்கம் வீணாய்ப்போனது. எழிலரசி வாயில் வந்ததைச் சொல்லி ஆட்டத்தை நடத்தினாள். நாலு வருடத்தில் அவள் இவ்வளவு சந்தோஷமாக எதையும் நடத்தியதில்லை.

"இவுங்களுக்கு ஒரு தலைவி இருப்பாளே. அவ பேரு இன்னா?" என்றார் ஆரோக்கியம்மாள்.

கையேட்டில் இல்லை. எழிலரசி யோசிப்பதற்குள், "தாழைமொழி," என்றார் மணவாளன். "இடது காது இருக்காது. முதலை கடிச்சது."

ரேகா, "சூப்பர் பேரு சார்," என்றாள். ஆட்டம் தொடர்ந்தது.

எழிலரசி மட்டும் தன் பக்கம் வைத்திருந்த வரைபடத்தை மறுபடி பிரித்துப் பார்த்தாள். தாழைமொழித் திட்டு என்று அந்த வரைபடத்தின் மூலையில் ஒரு குட்டித் தீவு உண்டு. வரைபடத்தை மேசையில் அவளைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

5

(இந்த இடத்தில் ஒரு சண்டை எழுதினேன். எழிலரசி மணவாளனைப் பார்த்து, "நாலு வருஷ நட்புக்கு இதுதான்—" என்று கத்துவதாக. அவளிடம் படித்துக் காட்டினேன். "நான் கத்தல. வெக்கமா இருந்துது," என்றாள். அடித்துவிட்டேன்.)

பஸ் ஸ்டாண்டுக்கு இருவரும் நடந்தார்கள். அவருக்கு விருத்தாசலம் பஸ், அவளுக்குக் கடலூர் பஸ். டீக்கடையில் நின்றார்கள்.

"நீங்கதானே?" என்றாள்.

"நான்தான். நீங்க ஆடிப் பாக்கப் போறோம்னு சொன்னப்பவே சொல்லிருக்கணும். ஜனங்க அத எப்படி ஆடறாங்கன்னு பாக்க ஆசை. தப்புதான்."

"அந்த வாக்கியத்தை உங்க முன்னாடியே படிச்சேனே."

"நல்லாத்தான் இருந்துது எழில்." மறுபடி சிரித்தார். "எங்க வீட்டுக் கொல்லைக்குப் பின்னால வெள்ளாறு. தினம் பாக்கறேன். நான் அனுப்புன படத்துல அம்பு கடலப் பாத்துத்தான் இருந்துது. ஓவியர் திருப்பிப் போட்டுட்டார். எழுதிக் கேக்கக் கூச்சமா இருந்துது."

எழிலரசி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். இரண்டு வருடமாக ஷிஃப்ட் முடிந்து வந்து அவர் எழுதியதாம் அந்தக் கையேடு. ஒரு வாக்கியத்தின் ருசிக்காக அதை மூடிவைக்கத் தயாராக இருந்தோமே என்று நினைத்தாள்.

"சேற்று மாந்தர்?" என்று கேட்டாள். "அது ஓவியர் தப்பு இல்லயே?"

அவர் முகம் மாறியது. "அவுங்களுக்கு முப்பது பக்கம் எழுதியிருந்தேன். தாழைமொழி, அவ தங்கச்சி, கல்யாணம், சாவு எல்லாம். சண்டை இல்லன்னா யாரும் ஆடமாட்டாங்கன்னு பயந்து நானே வெட்டிட்டேன்."

"இன்னிக்கு ஆடினாங்களே."

"ஆமா," என்றார். "பாத்தேன்." பிறகு கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீக்கடைக்காரரிடம் இன்னும் இரண்டு டீ சொன்னார்.

(முதல் பிரதி ஏன் செத்தது என்று இப்போது தெரிந்திருக்கும். கதையை எழுதியவரையே நீக்கிவிட்டு நான் என்னத்தை எழுதுவது?)

6

வீட்டுக்கு வந்து எழிலரசி, வேண்டாம் என்று தீர்ப்பு எழுதியிருந்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துப் போட்டாள். பதிப்பகத்துக்கு எழுதினாள்: ஆசிரியர் யாரென்று தெரிந்துவிட்டது, ஆகவே தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அம்புக்குறியைத் திருப்புங்கள். வெட்டிய முப்பது பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். எனக்குப் பதிலாக முதுநகர் ஆரோக்கியம்மாளை மதிப்பீட்டாளராக நியமிக்கப் பரிந்துரைக்கிறேன்.

அந்தக் கடிதத்தோடு சேர்ந்த எட்டுப் பக்கம்தான் என் கைக்கு வந்தது.

பதிப்பகத்தார் இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். ஆரோக்கியம்மாள் எழுதவில்லை. ரேகா கையேட்டைப் படித்துக் காட்டக் காட்ட, போனில் பேசிப் பதிந்து அனுப்பினார். அதில் ஒரு பகுதி:

"எழுதுனவரு மனசுள்ள ஆளு, அது தெரியுது. ஆனா புக்குல முப்பத்தெட்டு வகை பேய் இருக்குது, ஒரு வகை மீனு இல்ல. கழி நாடுன்னு பேரு வச்சுட்டு மீனு இல்லன்னா எப்படி? பேயக் கொறைங்க, ஜாஸ்தியா இருக்குது. அந்தக் காதில்லாத பொண்ணப் பத்தி நெறய எழுதுங்க. அப்புறம், அந்த மனுசன ஒரு தடவ ஹார்பருக்கு அனுப்புங்க."

மணவாளன் போனார். விடியற்காலை ஏலத்தில் நோட்டும் கையுமாக நின்று மடவை, கொடுவா, கிழங்கான், நெத்திலி என்று அவர் எழுத எழுத, சுற்றி நின்ற பெண்கள் வேண்டுமென்றே இல்லாத மீன் பெயரெல்லாம் சொன்னார்களாம். அதையும் எழுதிக்கொண்டார். கையேட்டில் இப்போது 'மாமியார்வாயன்' என்றொரு மீன் இருக்கிறது. அதை நீக்க ஆரோக்கியம்மாள் சம்மதிக்கவில்லை.

7

இனி முடிவு. மூன்று எழுதிவைத்தேன்.

முதலாவதில் புத்தகம் வெளிவந்து கடலூரில் விழா நடக்கிறது. இரண்டாவதில் பதிப்பகம் பின்வாங்க, எழிலரசியே அதை அச்சிடுகிறாள். மூன்றாவதில் பத்து வருடம் கழித்து— வேண்டாம், அது அழுமூஞ்சி முடிவு.

எதுவும் சரியில்லை, ஏனென்றால் ஒன்றும் இன்னும் நடக்கவில்லை. முப்பது பக்கத்தையும் ஆடிப் பார்த்துத்தான் தீர்ப்பு என்று சொல்லிவிட்டார் புதிய மதிப்பீட்டாளர். ஆறு ஞாயிறு ஆகிவிட்டது. பதிப்பகத்திலிருந்து போன் வந்தபடி இருக்கிறது. தாழைமொழியின் தங்கச்சி கல்யாணத்தையே இன்னும் தாண்டவில்லை.

முடிவைத் தேடி, போன ஞாயிறு நானே சிதம்பரம் போனேன். ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுக்கலாம் என்று நோட்டைத் திறந்தேன்.

"இவுங்க யாரு?" என்றார் ஆரோக்கியம்மாள்.

"நம்மளப் பத்திக் கதை எழுதறவுங்க," என்றாள் எழிலரசி.

"கல்யாணத்துக்கு வந்துட்டு ஒக்காந்து எழுதுனா எப்படி? பந்தி பரிமாற ஆளு இல்ல. கிட்ட வாங்க."

ரேகா நாற்காலியை இழுத்துப் போட்டாள். மணவாளன் ஒரு வெற்றுத் தாளை நீட்டி, "வேடத்துக்குப் பேரு?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எத்தனையோ பேருக்குப் பெயர் வைத்தவள் நான். திருதிருவென்று விழித்தேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"பேரு அப்புறம் வரும், மொதல்ல உருட்டுங்க. சாம்பார் வாளி கனமா இருக்குது, கீழ போட்டுடாதீங்க," என்றார் ஆரோக்கியம்மாள்.

உருட்டினேன். டைஸ் மேசைமேல் சுழன்றுகொண்டிருக்கிறது. எந்த எண் என்று நான் சொல்லப் போவதில்லை. நோட்டை மூடிவிட்டேன், இலை போட்டாகிவிட்டது, சேற்று மாந்தர் வரிசையாக உட்கார்ந்து என்னையே பார்க்கிறார்கள். எண்ணை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.