பில்லுக்கு நீளும் கை

என் வீட்டுக்காரர் நஞ்சப்பனுக்கு வேலை போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அமெரிக்க விசாவில் மிச்சம் இருப்பது கொஞ்ச நாள்தான். அதற்குள் வேறு கம்பெனி எடுத்துக்கொள்ளாவிட்டால் மில்பிடாஸ் வீடு, மகள் தீக்ஷாவின் படிப்பு எல்லாவற்றையும் போட்டுவிட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான். வெளியே ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது. தெரிந்தால் மானம் போய்விடுமாம்!

இந்த மனுஷர் கையில் காசு நிற்காது. சேல் என்று போர்டைப் பார்த்தால் போதும், கார் தானாகத் திரும்பிவிடும். வேலை போன அதே வாரம்கூட பேக்யார்டில் தோசை சுட ஒரு கேஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். “மணி பர்ன்ஸ் எ ஹோல் இன் யுவர் பாக்கெட், டாட்!” என்று சிரித்தாள் தீக்ஷா. காசு பாக்கெட்டைச் சுட்டு ஓட்டை போடுமாம்.

“பாக்கெட்டோட போனா பரவால்ல கண்ணு, குடும்பமே வேகுது” என்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை சான்டா கிளாராவில் ஒரு ஓட்டலில் நாலு குடும்பம் சேர்ந்தோம். எல்லாரும் இவரோடு கோயம்புத்தூரில் படித்தவர்கள். அதில் கிட்டுசாமி அண்ணன் இப்போது பெரிய மேனேஜர். காரிலேயே இவரிடம் சத்தியம் வாங்கினேன்.

“வெட்கத்த விட்டு அண்ணன்கிட்ட கேட்டுருங்க. பில்லு பக்கம் கை போகவே கூடாது.”

“சரி, சரி. கேட்கறேன்.”

எங்கே கேட்டார்? மேஜைக்கடியில் காலை மிதித்தேன். இன்னொரு வடை எடுத்துக்கொண்டார்.

பில் வந்தது. இந்தக் கூட்டத்தில் பில்லுக்கு அடித்துப் பிடித்துக்கொள்வது வழக்கம். பிடுங்குகிறவன்தான் பெரிய ஆள். கிட்டுசாமி அண்ணன் கை நீட்டுவதற்குள் இவர் பாய்ந்து பிடுங்கி, கார்டைச் செருகி, சர்வர் கையில் திணித்துவிட்டார். அடுத்த மாத மளிகைக் காசில் பாதி அந்தப் பில்.

“உனக்கென்னப்பா, ராஜா!” என்று கிட்டுசாமி அண்ணன் இவர் முதுகில் தட்டினார். “ஆமா, என் டீம்ல ஒரே ஒரு ஓபனிங் இருக்கு. லேஆஃப்ல வேலை போய்க் கஷ்டப்படறவங்க யாராவது தெரியுமா? நாளைக்கே பேர் குடுக்கணும்.”

கடவுளே, தானாக வந்து விழுகிறது! இவரைப் பார்த்தேன்.

“விசாரிச்சுச் சொல்றேன்” என்றார், யாருக்கோ உதவி செய்கிற தோரணையில்.

“இவருக்குத்தானுங்ணா!” என்று கத்திவிட்டேன்.

மேஜையே கொல்லென்று சிரித்தது. “சரியான காமெடி அம்மணி!” என்றார் கிட்டுசாமி அண்ணன்.

“சிரிக்காதீங்க. இவருக்கு வேலை போயிருச்சுங்ணா. சத்தியமா.” குரல் உடைந்து அழுகை வந்துவிட்டது.

சிரிப்பு நின்றது. கிட்டுசாமி அண்ணன் இவர் பக்கம் திரும்பினார். “நிஜமாவா நஞ்சப்பா?”

ஒரு வார்த்தை. ஆமாம் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சேச்சே! நான் பில்லு குடுத்துட்டேன்னு அவளுக்குக் கோவம், அவ்வளவுதான்” என்றார். சர்வர் கொண்டுவந்த சீட்டை வாங்கி, எல்லாரும் பார்க்கும்படி டிப்ஸைக் கூட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.