பூசாரியின் முழங்கால் வலி

நூலகத்து மாடியில் கருணையைப் பற்றிய சர்வமதக் கூட்டம் முடிந்து படியிறங்கும்போது, கோயில் பூசாரியின் முழங்கால் வலி சபைப் போதகருக்கு வந்துவிட்டது. பூசாரி விறுவிறுவென்று இறங்கினார். போதகர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நொண்டினார். அன்று அதிக நேரம் பேசியவர் போதகர்தான். பேச்சின் சூட்டில் பக்கத்திலிருந்த பூசாரியின் கையைப் பற்றி, "உங்க வலி என் வலி, ஐயா" என்று சொல்லியும் வைத்தார். மேடையில் எல்லோரும் சொல்வதுதான். பள்ளிவாசல் இமாமும் அதையே சொல்ல இருந்தார்; தேநீர் வந்துவிட்டதால் தப்பித்தார்.

போதகர் அலட்டிக்கொள்ளவில்லை. குணமாக்கும் ஜெபத்துக்குப் பேர்போனவர் அவர். வெள்ளிக்கிழமைக் கூட்டங்களில் ஜனங்கள் விட்டுப்போன ஊன்றுகோல்கள் சபையின் பின்னறையில் விறகுபோல் அடுக்கிக் கிடந்தன. வீட்டுக்குப் போய்த் தன் முழங்காலில் தானே கைவைத்து ஜெபித்தார். ஆமென் சொல்வதற்குள் வலி போய்விட்டது. அதே நேரத்தில், கோயில் படியில் இறங்கிக்கொண்டிருந்த பூசாரி கால் மடங்கி விழுந்தார். செய்தி வந்ததும் போதகருக்குத் தூக்கிவாரிப்போட்டது. வலி எங்கும் ஒழிந்துபோகவில்லை, திரும்பித்தான் போயிருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கட்டிலருகே நின்று, அதே வார்த்தையை மைக் இல்லாமல் மெதுவாகச் சொன்னார். வலி மறுபேச்சில்லாமல் வந்து சேர்ந்தது.

சபைக்கு இது பிடிக்கவில்லை. நொண்டுகிறவர் குணமாக்குகிறேன் என்றால் யார் நம்புவார்கள்? மூப்பர்கள் வீடு தேடி வந்து கறாராகச் சொன்னார்கள். "வர்ற வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாடியும் காலைச் சரிபண்ணிக்குங்க. இல்லன்னா வேற போதகரைப் பாத்துக்குறோம்."

குடியிருந்த வீடும் சபையுடையது. மனைவி அழுதாள். "அந்தப் பூசாரியை ரட்சிப்புக்குள்ள கொண்டுவரத்தானே அங்க போனீங்க? வலியை வாங்கிட்டு வரவா போனீங்க?"

பூசாரி தன் ஆண்டவரிடம் வந்துவிட வேண்டும் என்று போதகர் அன்றாடம் ஜெபித்துக்கொண்டுதான் இருந்தார். அது பூசாரிக்கும் தெரியும். "பண்ணுங்க பாஸ்டர். நானும் எங்க சாமிகிட்ட உங்களைப் பத்திச் சொல்லிட்டுத்தான் இருக்கேன்" என்பார். அதெல்லாம் இருக்கட்டும், அந்த மனிதரை இன்னொரு முறை கீழே தள்ள மட்டும் போதகருக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை நொண்டிக்கொண்டே மேடையேறினார். அவரைப் பார்த்ததும் சபையே கைகளை உயர்த்தி அவர் காலுக்காக ஜெபிக்க ஆரம்பித்தது. வலி லேசாகத் தளர்ந்தது. போதகர் கத்தினார். "நிறுத்துங்க! யாரும் என் காலுக்காக ஜெபம் பண்ணாதீங்க. நான் விட்டேன்னா அங்க அவர் விழுந்துடுவார்!"

ஜெபம் நின்றது. பாதிப் பேர் எழுந்து போனார்கள். மீதிப் பேர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். அவர் உட்கார்ந்து பிரசங்கித்தார்.

அந்த மாதமே வேலையும் வீடும் போயின. மாவு மில்லுக்கு மேலே வாடகைக்கு ஓர் அறை பிடித்தார்கள். நாற்காலி போட்டவர்கள் அங்கே ஜெபத்துக்கு வந்தார்கள். வருஷங்கள் ஓடின. வலியும் குடும்பத்தில் ஒன்றாகிப்போனது. குளிர் நாட்களில் மனைவி முணுமுணுத்துக்கொண்டே தைலம் தேய்ப்பாள். அப்போது ஃபோன் அடிக்கும்.

"தங்கச்சி, அங்க இல்லம்மா. உள்பக்கமா, இன்னும் கொஞ்சம் கீழ. அங்கதான் பிடிச்சுக்கிட்டு நிக்கும். எனக்குத் தெரியாதா?" என்பார் பூசாரி.

அவள் ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு விரலைக் கீழே நகர்த்துவாள்.

"அங்கதான்" என்பார் போதகர்.