பெண்ணுக்கு இரண்டு அடி

பகல் ஒரு மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிட்டது. மேட்டுவெளிக்கு ஆடுகளோடு போன என் கணவன் அன்செல்மோ திரும்பவில்லை. அங்கே போன் எடுக்காது. கணவாய்ச் சாலையில் குவிந்த உறைபனியை வாரித் தள்ளிய பிறகுதான் வெளியிலிருந்து யாரும் வர முடியும்.

எங்கள் மலைக்கிராமமான வால்தெஸோர்னாவில் வழி தவறியவர்களுக்குத் தேவாலய மணியை அடிப்போம், இடைவெளி விடாமல், ஒரே சீராக. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்தால் வண்டிப்பாதை கிடைத்துவிடும். ஊர்ப் பதிவேட்டில் இருபத்தாறு பேர். குளிர்காலத்தில் இங்கே படுத்து எழுவது ஒன்பது பேர். அதில் அன்செல்மோவை விட்டால் மணிக்கோபுரப் படி ஏறக்கூடியவர்கள் நானும் எழுபத்தெட்டு வயது சதூரியோ மாமாவும்தான்.

இரண்டு மணி நேரம் கயிற்றை இழுத்தேன். உன் ஆடுகளோடு நீயே கிட, நான் சோரியா நகரத்தில் தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று காலையில் அவனிடம் சொல்லியிருந்தேன். அவன் ரொட்டியைப் பையில் வைத்துக்கொண்டு போனான். ஒவ்வொரு இழுப்பிலும் அந்த வார்த்தைகளைத் திரும்ப விழுங்கப் பார்த்தேன். அவனுக்காக அடிக்கிறேனா, எனக்காகவா என்று தெரியவில்லை.

உள்ளங்கை கிழிந்ததும் மாமா கயிற்றை வாங்கிக்கொண்டார்.

"பாறையில பாறுக் கழுகு நூத்திருபது, கீழ மனுஷன் ஒம்பது. ஓட்டுப் போட்டா அதுங்கதான் மேயரு," என்றார், என்னைச் சிரிக்கவைக்க. அந்தக் கழுகுகளும் அன்று பறக்காமல் இடுக்குகளில் ஒடுங்கியிருந்தன. நான் படியில் உட்கார்ந்தேன். கண்ணயர்ந்துவிட்டேன் போல.

விழித்தபோது மாமா இழுத்த மணி இரண்டு முறை ஒலித்து நின்றது. ஒரு மூச்சு நேரம். மறுபடி இரண்டு.

சாவு மணி. ஆணுக்கு மூன்று அடி, பெண்ணுக்கு இரண்டு.

"மாமா, என்ன அடிக்கிறீங்க?"

அவர் முகம் வெளிறியது. "கை அதுபாட்டுக்குப் போயிருச்சும்மா. கடைசியா என் சம்சாரம் பெனீத்தாவுக்கு அடிச்சது."

ஊரில் பெண்கள் மூன்றே பேர். இதைக் கேட்டால் அன்செல்மோ சுற்றி வரும் வண்டிப்பாதையில் வரமாட்டான்; செங்குத்தான பள்ளத்தாக்கில் நேராக இறங்குவான். எனக்காக ஓடி வருவான் என்பது அந்தக் கணத்தில்தான் எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

கை மறுபடி தவறாமலிருக்க வாய்விட்டு எண்ணிக்கொண்டே அடிக்கும்படி மாமாவிடம் சொல்லிவிட்டு ஓடினேன்.

பள்ளத்தாக்கின் வாயில் நின்று கத்தினேன். ஒரு காட்டுமான் நாய்போலக் குரைத்துவிட்டு ஓடியது. பிறகு கீழேயிருந்து மெலிதாக அவன் குரல்.

"யாரு செத்தது?"

"யாரும் சாகல. நான்தான் வந்திருக்கேன்."

இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓடைநீரில் கிடந்தான். முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. என் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தான். கரைக்கு இழுத்துப் போட்டேன். மேலே தூக்க நான்கு பேரின் தோள் வேண்டும். ஊரில் தூக்கக்கூடிய நான்கு தோள் இல்லை.

என் மேல்கோட்டை அவன்மேல் போட்டு ஒட்டிப் படுத்துக்கொண்டேன். அவன் நடுங்கினான். பிறகு நடுக்கம் குறைய ஆரம்பித்தது. பனியில் பிறந்த ஆட்டுக்குட்டிகளுக்கு நடுக்கம் நின்றால் சற்று நேரத்தில் மூச்சும் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும்.

அவன் மார்பைத் தேய்த்தேன். "நடுங்கு அன்செல்மோ," என்று கெஞ்சினேன். "நடுங்குடா."