மூ பிரபுவின் இரண்டு கிண்ணங்கள்

பன்னிரண்டு வருஷம் நான் தேநீர் குடிக்கவில்லை. விரதமும் இல்லை, வியாதியும் இல்லை. வீட்டுக்குப் போக வேண்டும் என்ற ஒரே ஆசையில் குடிக்காமல் இருந்தேன். இதைவிட முட்டாள்தனமான காரியத்தை லோயாங் நகரத்தில் வேறு எந்தத் தெற்கத்தியானும் செய்திருக்க மாட்டான்.

என் பெயர் கூ யான். தெற்கு அரசின் எல்லையில், ஹுவாய் ஆற்றங்கரைக் கோட்டையில் எழுத்தனாக இருந்தேன். வடக்கத்தியர் கோட்டையைப் பிடித்தபோது எங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கொல்லவில்லை. லோ ஆற்றுக்குத் தெற்கே, மீன் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தெருவைக் கொடுத்து, இங்கேயே கிடங்கள் என்று விட்டுவிட்டார்கள். அந்தத் தெரு வழியாகப் போகும் வடக்கத்தியன் ஒவ்வொருவனும் மூக்கைப் பொத்திக்கொள்வான். எங்களுக்கோ அவர்கள் மேலெல்லாம் வீசுகிற ஆட்டுக்கொழுப்பு வாடை குமட்டும். ஆனால் தோற்றவன் மூக்கைப் பொத்த முடியுமா?

ஊரில் என் மனைவி சூயின் இருந்தாள். நான் பிடிபட்டபோது எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். மூன்றாவது வருஷம் ஒரு புத்த பிக்கு மூலமாக அவள் எழுதச் சொல்லி அனுப்பிய கடிதம் வந்தது. 'பெண் பிறந்திருக்கிறாள். நடக்கிறாள், பேசுகிறாள். நான் மலையில் தேயிலை பறிக்கப் போகிறேன். அப்பா எனக்கு வேறு இடம் பார்க்கிறார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வந்துவிடுங்கள்.' அவ்வளவுதான். மகளுக்கு என்ன பெயர் வைத்தாள் என்றுகூட எழுதவில்லை. அதற்குப் பிறகு கடிதமே இல்லை.

எங்களை ஆளும் பொறுப்பு மூ பிரபுவிடம் இருந்தது. நான் அவரிடம்தான் எழுத்தன். நல்ல மனிதர்தான், அதுதான் கொடுமை. திருநாள் தோறும் பெரிய விருந்து வைப்பார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. தெற்கத்தியான் ஒவ்வொருவன் முன்னாலும் இரண்டு கிண்ணம் வைப்பார்கள். ஒன்றில் புளித்த ஆட்டுப்பால். இன்னொன்றில் எங்கள் ஊர் முறையில் இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டுக் கொதிக்க வைத்த தேநீர். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தேநீர்க் கிண்ணத்தின் பக்கம் கை போனதும் கூடமே சிரிக்கும்.

"இலையக் கொதிக்கவெச்சுக் குடிக்குறானுங்கடா. நம்ம மாடாவது பச்சையாத் திங்குது" என்பான் ஒருவன்.

"கெண்டி கெண்டியா ஊத்துங்க. தவளை தண்ணியில்லாம செத்துடப் போகுது" என்பான் இன்னொருவன்.

எங்கள் ஆட்கள் பாதிப் பேர் விருந்தில் பாலைத் தொட்டு வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து தேநீர் காய்ச்சிக் குடித்தார்கள். நான் அதையும் செய்யவில்லை. அடையாகத் தட்டிக் காயவைத்த தேயிலையை நெருப்பில் வாட்டினால் தெரு முழுக்க மணக்கும். எவனாவது போய்ச் சொல்லிவிட்டால்? நம்பிக்கையான ஆள் என்று பெயர் எடுத்தால்தான் என்றைக்காவது எல்லையைத் தாண்ட விடுவார்கள், சந்தேகத்துக்கு ஆளானவனை எந்த அரசன் விடுவான் என்பது என் கணக்கு. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்பார்களே, நான் நிஜமாகவே கட்டினேன். முதல் வருஷம் பாலைக் குடித்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் வாந்தியெடுப்பேன். மூன்றாம் வருஷம் வாந்தி நின்றது. அதன் பிறகு அதைப் பற்றி எண்ணவில்லை.

ஹோ பிங் அண்ணன் எனக்கு நேர் எதிர். கோட்டையில் படகுகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். முதல் விருந்திலேயே தேநீரை எடுத்து உறிஞ்சி, "இஞ்சி பத்தல" என்று சமையல்காரனிடம் சொன்னவர். பன்னிரண்டு வருஷமும் அவரைக் கேலி செய்தார்கள், பன்னிரண்டு வருஷமும் இரண்டாவது கிண்ணம் கேட்டார். ஒரு வேலையும் தரவில்லை அவருக்கு. மீன் சந்தையில் வலை பின்னிப் பிழைத்தார்.

"ஏன்ண்ணே இப்படி வீம்பு பண்றீங்க? உங்க பேரு கெட்டுப்போகுதே" என்று ஒருமுறை கேட்டேன்.

"வீம்பு என்னடா வீம்பு. தாகமா இருக்கு, குடிக்கிறேன். நீதான் யாருக்கோ வேஷங்கட்டுற. பாத்துடா தம்பி, கட்டுன வேஷம் மூஞ்சியில ஒட்டிக்கப் போகுது."

அன்றைக்கு அவர்மேல் எரிச்சல்தான் வந்தது.

இந்த வசந்தத்தில் செய்தி வந்தது. இரண்டு அரசுகளும் கைதிகளை மாற்றிக்கொள்ளப் போகின்றன. எங்களில் நாற்பது பேர் ஊருக்குப் போகலாம், அங்கிருந்து நாற்பது வடக்கத்தியர் வருவார்கள். இனிமேல் இப்படி ஒரு மாற்று நடக்காது என்று கடிதத்திலேயே இருந்தது. அந்தக் கடிதத்தைப் படியெடுத்தவனே நான்தான். அவசரத்தில் இரண்டு தாளைக் கெடுத்தேன். பெயர்களைத் தேர்ந்தெடுப்பது மூ பிரபு. தெருவில் எல்லோரும் என்னைப் பார்த்து, "உனக்கென்னப்பா, மொதப் பேரே உன் பேருதான்" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பொய் சொல்வானேன்.

பட்டியலுக்கு முன் ஒரு விருந்து வைத்தார். மூன்றாம் மாதம் ஒன்பதாம் நாள். அன்று இரண்டு கிண்ணத்தையும் பிரபுவே கையில் ஏந்தி ஒவ்வொருவரிடமும் வந்தார். ஹோ அண்ணன் தேநீரை எடுத்தார். கூடம் சிரித்தது. என்னிடம் வந்தபோது நான் அவர் கண்ணைப் பார்த்தபடியே பாலை வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். இன்னொன்று கேட்டேன். மூன்றாவதும் கேட்டேன். பிரபு என் தோளைத் தட்டினார். ஊருக்குப் போனதும் மகளுக்கு என்ன பெயர் என்று கேட்க வேண்டும் என்று அந்த நிமிஷத்தில் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பட்டியலை வாசலில் ஒட்டினார்கள். ஹோ பிங் பெயர் இருந்தது. அவரைப் போலத் தேநீருக்குக் கை நீட்டிய இன்னும் முப்பத்தொன்பது பேர் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. கீழிருந்து மேலாக ஒருமுறை படித்தேன். அப்போதும் இல்லை.

நேரே பிரபுவிடம் ஓடினேன். தோட்டத்தில் குதிரைக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார்.

"என் பேரு விட்டுப்போச்சுங்க, ஐயா" என்றேன்.

"விட்டெல்லாம் போகல. பழகுன குதிரைய எவனாவது அடுத்தவனுக்குக் குடுப்பானா?" என்று சிரித்தார். "பன்னெண்டு வருஷமா விருந்து வெக்கிறேனே, எதுக்குன்னு நெனச்ச? எவன் நம்மாளு, எவன் நெஞ்சு இன்னும் அங்கியே இருக்குன்னு வேற எப்படித் தெரிஞ்சுக்க? இங்க ஒட்டாதவன வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? போய்த் தொலையட்டும். நீ ஒருநாகூட அந்தக் கிண்ணத்தத் தொட்டதில்ல."

மண்டியிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். நடிப்பு என்று சொன்னேன், சூயினைப் பற்றிச் சொன்னேன், பார்க்காத மகளைப் பற்றிச் சொன்னேன். "நான் தெக்கத்தியான்தாங்க. இப்பவே குடிச்சுக் காட்டுறேன். தேநீர் கொண்டுவரச் சொல்லுங்க."

அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். கொண்டுவரச் சொன்னார். கெட்டியாக, ஆவி பறக்க, இஞ்சி மணத்தோடு வந்தது. சூயின் எனக்குக் காய்ச்சிக் கொடுத்த அதே தேநீர். ஒரு வாய் நிறைய எடுத்தேன்.

கசந்தது. வேப்பங்காயைக் கடித்தது மாதிரி கசந்தது. விழுங்கத்தான் பார்த்தேன், தொண்டை மறுத்தது. முகம் தானாகக் கோணியது, பாதி தேநீர் தாடியில் வழிந்தது. பன்னிரண்டு வருஷமாக என் நாக்கு என்னிடம் சொல்லாமலேயே மாறிப்போயிருந்தது. அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

பிரபு சிரிக்கவில்லை. கிண்ணத்தை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். "பாத்தியா. உன் மூஞ்சியே சொல்லுதே. நீ எங்காளுப்பா. ஆத்துக்கு வடக்க, எங்காளுங்க இருக்குற பக்கம், உனக்கு ஒரு வீடு பாத்து வெச்சிருக்கேன். இந்த ஊர்லயே ஒரு பொண்ணும் பாப்போம். எழுந்திரு."

அன்பாகத்தான் சொன்னார். ஒரு அடி அடித்திருந்தால் திட்டவாவது செய்திருப்பேன்.

அதிலிருந்து ஐந்தாம் நாள் காலையில் நாற்பது பேரும் தென்வாசலில் வண்டியேறினார்கள். ஹோ அண்ணன் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். பட்டியல் ஒட்டிய அன்றைக்கே அவர் பிரபுவிடம் போய், தனக்குப் பதிலாக என்னை அனுப்பும்படி கேட்டிருக்கிறார். காவல்காரர்கள் உள்ளேயே விடவில்லை. இதை எனக்குச் சொன்னது வேறு ஆள். அவர் சொல்லவில்லை.

"நேரா உங்க ஊருக்குத்தான் மொதல்ல போவேன். சூயின்கிட்ட என்ன சொல்ல? வந்துருவான்னு சொல்லட்டுமா?"

"செத்துட்டேன்னு சொல்லுங்கண்ணே."

"வாயக் கழுவுடா. உசுரோட நிக்கிறவன..."

"இன்னும் எத்தன வருஷம் அவ அப்பாகூட மல்லுக்கட்டுவா? இருக்கான்னு சொன்னீங்கன்னா காத்துக்கிட்டேதான் கெடப்பா. வரமாட்டான்னு சொன்னா ஏன்னு கேப்பா. ஏன்னு என்னத்தச் சொல்லுவீங்க? பால் குடிச்சான்னா?"

வண்டிக்காரன் கூப்பிட்டான். அவர் போகாமல் நின்றார்.

"அவ படைப்பாடா" என்றார் கடைசியில். "நம்ம பக்கம் செத்தவங்களுக்குத் தேநீர்தான படைப்பாங்க. வருஷா வருஷம் அவளும் உன் புள்ளையும் காய்ச்சி வெப்பாங்க. நீ இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்துருப்ப."

"வெக்கட்டும். அவ கையால எனக்கு ஒரு கிண்ணம் வேற எப்படிக் கெடைக்கும்?"

"எப்படிச் செத்தான்னு கேப்பா."

"வயித்துவலின்னு சொல்லுங்க."

சிரிப்பதா அழுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்தவர், சக்கரம் நகர்ந்ததும் திரும்பி எட்டிப் பார்த்தார்.

"டேய், தேதி சொல்லணுமே. தேதி தெரியாம எந்த நாள்ல படைப்பா?"

நான் வண்டியோடு நடந்தபடி, மூன்று கிண்ணம் பால் குடித்த அந்தக் கடைசி விருந்து நாளைச் சொன்னேன்.

"மூணாம் மாசம், ஒம்பதாம் நாள்" என்று அவர் விரலை மடக்கி மனப்பாடம் செய்துகொண்டார்.