வாலில்லா விமானம்

என் மகள் ஜெரினா என்னோடு பேசி நூற்றுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. எண்ணினேனா என்றால், ஆமாம், எண்ணினேன். அளப்பதும் எண்ணுவதும்தானே என் பிழைப்பு. காரைக்குடி தாலுகா ஆபீஸில் நான் சர்வேயர், பெயர் இஞ்ஞாசிமுத்து.

ஜெரினா சைனாவில், செங்டு என்கிற ஊரில் டாக்டருக்குப் படிக்கிறாள். நாலாவது வருஷம். செப்டம்பரில் ஒருநாள் போனில், "எனக்கு இங்க முடியலப்பா, வந்துரட்டுமா?" என்று கேட்டாள். "ஊன்றின கல்லைப் பிடுங்குற பழக்கம் நம்ம வீட்டுல கிடையாது. முடிச்சுட்டு வா" என்றேன். நரம்பில்லாத நாக்கு, எப்படியும் பேசும். அன்றைக்குப் போனை வைத்தவள்தான். அம்மாவிடம் மட்டும் சாப்பிட்டேன், தூங்கப் போகிறேன் என்று இரண்டு வார்த்தை சொல்வாள். என் நம்பரைப் பார்த்தால் எடுக்கமாட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவளிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. பதினேழு விநாடி. வெளிறிய வானத்தில் என்னவோ ஒன்று போகிறது. விமானம்தான், ஆனால் வால் இல்லை. பூவரசு இலை ஒன்று நுனியை முன்னால் நீட்டிக்கொண்டு மிதக்கிற மாதிரி இருந்தது. அதற்குப் பின்னாலேயே சின்னதாக ஒரு போர் விமானம் துணைக்குப் போனது. கீழே எழுதியிருந்தாள்: "அப்பா, இது என்னது?"

விமானத்தை ஒருதடவை பார்த்தேன். "அப்பா" என்ற வார்த்தையைப் பத்துத் தடவை படித்தேன்.

என்ன பதில் போடுவது? எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் மறுபடி கதவைச் சாத்திக்கொள்வாள். அவள் குணம் எனக்குத் தெரியும், என் குணம்தானே. அதனால், "எத்தனை இன்ஜின்னு பாத்தியா?" என்று கேட்டேன். ஒரே நிமிஷத்தில் பதில் வந்தது. "மூணு மாதிரி தெரியுது. ரெண்டாவும் இருக்கலாம்."

அன்று சாயங்காலத்துக்குள் உலகமே அதைப் பற்றித்தான் பேசியது. சைனாக்காரன் புதிதாகச் செய்து பார்க்கும் ரகசியப் போர் விமானமாம், ரேடாரில் சிக்காதாம். மூன்று இன்ஜின் எதற்கு என்று ஒரு கூட்டம், அது குண்டு போடுகிற விமானம் என்று இன்னொரு கூட்டம். செய்தவன் வாயைத் திறக்கவில்லை. என்னோடு எல்லைக்கல் ஊன்ற வருகிற சேவுகப்பெருமாள்தான் உருப்படியாக ஒன்று கேட்டான். "ரேடார்ல தெரியாதுங்கிறாக. அப்புறம் எப்படி சார் எல்லார் போன்லயும் தெரியுது?"

அதற்கடுத்த பன்னிரண்டு நாளும் நான் தரையில் நடக்கவில்லை. தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவளிடமிருந்து ஒரு வீடியோ வரும், சனி ஞாயிறு தவிர. பெரும்பாலும் விமானமே இருக்காது. "இன்னைக்கு வரலப்பா" என்று எழுதியிருப்பாள். வெறும் வானம். ஓரத்தில் ஹாஸ்டல் மொட்டை மாடியின் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, அதன் நிழல், பக்கத்தில் மாடிப்படிக் கதவு. அந்த ஊரில் குளிர்காலத்தில் வெயிலே அபூர்வமாம், இந்தத் தடவை நன்றாக அடிக்கிறது என்றாள். அந்த வெறும் வானத்தையும் நான் கண்ணெடுக்காமல் பார்ப்பேன். என் மகள் பார்த்த வானம்.

எப்போது எடுக்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். "கிளாஸ் முடிஞ்சு சாயங்காலம்பா" என்றாள்.

என் மனைவி யூஜினியாவுக்கு ஆத்திரம். "புள்ள குளிருக்கு எதுவும் போட்டிருக்காளான்னு ஒரு வார்த்தை கேட்டீகளா? எந்நேரமும் இன்ஜின், இன்ஜின்."

"நீ சும்மா இரு. கேட்டா ஓடிருவா. கோழிய அடைக்கிறப்ப கையைத் தட்டுனா ஆகுமா?"

"அவ கோழியா?"

ஒருநாள் ஆத்தங்குடிப் பக்கம் ஒரு வயலை அளந்துகொண்டிருந்தேன். டேப்பைப் பிடித்தபடி கண்மாயைப் பார்த்தால், அந்த விமானம் தண்ணீருக்கு மேலே தாழ்வாக வருகிறது. சத்தமே இல்லை. நாரைகள்கூட எழும்பவில்லை. உள்ளே ஜெரினா உட்கார்ந்திருக்கிறாள், பள்ளிக்கூட யூனிஃபார்மில், என்னைப் பார்த்துக் கையாட்டுகிறாள். நானும் கையாட்டினேன். "சார், டேப்பை விட்டுட்டீக" என்றான் சேவுகப்பெருமாள்.

ஜனவரியில் ஒரு புதன்கிழமை காலையில் சேவுகப்பெருமாள் என் வீட்டுக்கு வந்தான். அளவைக்குப் புறப்பட இன்னும் நேரம் இருந்தது. டீயைக் குடித்துக்கொண்டே, "எந்தப் பக்கம் பறக்குதுன்னு தெரிஞ்சா, எங்குட்டு இறக்குறாகன்னு சொல்லிரலாமே சார்" என்றான்.

சர்வேயரிடம் திசை கேட்டால் விடுவேனா? காகிதத்தை எடுத்தேன். மாடிப்படிக் கதவு கிழக்கே இருக்கிறது என்று ஜெரினா முன்பே சொல்லியிருந்தாள். தொட்டியை வரைந்தேன், கதவை வரைந்தேன். சாயங்கால வெயிலுக்குத் தொட்டியின் நிழல் கிழக்கே, கதவுப் பக்கம் விழ வேண்டும். வீடியோவில் கதவுக்கு எதிர்ப்பக்கம், மேற்கே விழுந்திருந்தது.

காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேனோ என்று திருப்பிப் பார்த்தேன். அடுத்த வீடியோவைப் போட்டேன். அதற்கடுத்ததையும் போட்டேன். ஒன்பதிலும் நிழல் மேற்கேதான். ஒன்பதும் காலை வெயில்.

காலையில் அவள் ஆஸ்பத்திரி வார்டில் இருக்க வேண்டும். ஒன்பது வேலைநாளும் என் மகள் வகுப்புக்குப் போகவில்லை. அந்தக் குளிரில் மாடியில் தனியாக நின்றிருக்கிறாள், அதை என்னிடம் மறைத்திருக்கிறாள். சரி, விமானம் வருமா என்று பார்க்க நின்றாள் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் முதல் நாள்? அப்படி ஒன்று வரப்போகிறது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாத அந்த முதல் நாள், அவள் எதற்கு மாடிக்கு ஏறினாள்?

"எந்தப் பக்கம் சார்?" என்றான் சேவுகப்பெருமாள்.

கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டரை. அங்கே பதினொரு மணி. இப்போதும் அங்கேதான் நிற்பாள்.

கூப்பிட்டேன். மணி அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டேன். மாதாவே, இந்த ஒரு தடவை எடுக்க வை என்று வாய்விட்டே சொன்னேன். மூன்றாவது தடவை எடுத்தாள். காற்று இரைந்தது.

"இன்னைக்கு இன்னும் வரலப்பா" என்றாள்.

"விமானம் கெடக்கட்டும். நீ மாடியிலதான இருக்க?"

"ம்" என்றாள்.

"மொத நாளு எதுக்கும்மா மாடிக்குப் போன?"

மெதுவாக, "அன்னைக்கு அது மட்டும் வரலைன்னா அப்பா..." என்றாள்.

அதை முடிக்க நான் விடவில்லை. "வேண்டாம் தாயி, சொல்லாத. கதவுப் பக்கம் திரும்பு. படியில இறங்கு. போனை வைக்காத. இன்னைக்கே டிக்கெட் போடுறேன், வீட்டுக்கு வந்துரு."

"படிப்பு?"

"படிப்பு கெடக்கு கழுத. நான் சொன்னது தப்பு. அன்னைக்கே வான்னு சொல்லியிருக்கணும்."

"எல்லாரும் என்ன சொல்லுவாக?"

"என்னத்தையும் சொல்லட்டும். எனக்கு நீ வேணும்."

இரும்புக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. காற்று நின்றது. படியில் செருப்புச் சத்தம். யூஜினியா அடுப்பங்கரையிலிருந்து வந்து என் முகத்தைப் பார்த்தாள், எதுவும் கேட்காமல் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை மாடிம்மா?"

"பதினொண்ணுப்பா."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்பா, அழுகுறீகளா?"

"இல்ல."

"அழாதீகப்பா. இறங்கிக்கிட்டுத்தான் இருக்கேன்."