தாளம் கேட்காத பெட்டி

வத்திராயிருப்பில் டூரிங் கொட்டகையைப் பிரித்துச் சாமான்களை விற்றபோது, மற்றவர்கள் தகரத்துக்கும் பெஞ்சுக்கும் முட்டி மோதினார்கள். சங்கரலிங்கம் ஒரு பழைய வால்வு பிரீஆம்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினார். படம் ஓட்டும் மெஷினிலிருந்து வருகிற மெலிந்த சத்தத்தை வாங்கித் தேற்றிக் கொடுக்கிற பெட்டி அது. அதற்குப் பின்னால் ஒரு பவர் ஆம்ப் இருந்தால்தான் ஸ்பீக்கர் வாய் திறக்கும்.

அது எண்பத்தெட்டாம் வருஷம். நூற்பாலையில் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மெஷினை ஓட்டியே பாதி வயசைக் கழித்தவர் அவர். குடி, சீட்டு எதுவும் கிடையாது. நாதசுரக் கேசட் என்றால் மட்டும் உயிர். ஆனால் கொஞ்ச காலமாக வீட்டு டேப் ரிக்கார்டரில் எதைப் போட்டாலும் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோலவே இருந்தது. டேப்பின் ஹெட் தேய்ந்துவிட்டது என்றார். கேசட் மட்டம் என்றார். வால்வு செட்டுப் போட்டால் எல்லாம் துலங்கிவிடும் என்று நம்பினார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ரேடியோ கடை வைத்திருந்த பொன்னுராஜ், டிரான்சிஸ்டரில் ஒரு பவர் ஆம்ப் செய்து கொடுத்தான். இரண்டையும் சேர்த்துக் கேசட்டைப் போட்டார் சங்கரலிங்கம். நாதசுரம் வந்தது. தவில் நெஞ்சில் மோதியது. தாளத்தைத்தான் காணோம். பித்தளைக் கிண்ணங்கள் உரசித் தெறிக்கிற அந்தச் சத்தம் எங்கேயோ தொலைந்து போயிருந்தது.

"ரெண்டுக்கும் ஒத்துப்போகலண்ணே," என்றான் பொன்னுராஜ். "வால்வுப் பெட்டி தர்ற சத்தத்துக்குத் தெம்பு கம்மி. என் ஆம்ப்பு நெறையா இழுக்கும். நீளமா வயரு போட்டிருக்கிய வேற, மெல்லிசான சத்தமெல்லாம் வயருலயே செத்துப்போயிரும்."

வயரைக் குறைத்தார்கள். நடுவிலிருந்த கண்டென்சரை மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்வந்தார் சங்கரலிங்கம். வீட்டுக்கு வந்து போட்டால் தாளம் கேட்காது. உயர்ந்த சத்தத்துக்கான குமிழை வலப்பக்கம் கடைசிவரை திருகிவிடுவார்.

"ஏங்க, காதக் குத்துது. செத்தக் கொறைங்க," என்பாள் மனைவி அழகுத்தாய்.

"ஒனக்கு என்னட்டி தெரியும், செட்டப் பத்தி?" என்பார். அவளுக்குக் கேள்வி ஞானம் இல்லை என்று மனசுக்குள் நினைத்துக்கொள்வார்.

கடைசியில் பொன்னுராஜ், பிரீஆம்பிலிருந்து சத்தம் வெளியேறும் வாசலில் இன்னொரு வால்வைச் சேர்த்தான். இனி எந்த ஆம்ப்பையும் அது சோர்வில்லாமல் ஓட்டும் என்றான். கடையிலேயே இணைத்துக் கேசட்டைப் போட்டார்கள். பொன்னுராஜின் முகம் மலர்ந்துவிட்டது.

"கேளுங்கண்ணே! தாளம் மணி மணியா விழுது."

சங்கரலிங்கம் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார். காதை வலைத்துணியில் ஒட்டவைத்தார். தவில் இருந்தது, நாதசுரம் இருந்தது.

"எங்கடே விழுது?" என்றார்.

பொன்னுராஜ் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ஆம்ப்புகளைச் சோதிக்கிற மெஷினை எடுத்து ஸ்பீக்கரோடு சேர்த்தான். அதன் குமிழைத் திருகத் திருக விசில் போல ஒரு சத்தம் கீழிருந்து மேலே ஏறும். ஊமென்று தொடங்கியது. ஏறியது. கூர்மையானது. மெலிந்தது. நின்றது.

ரேடியோ வாங்க வந்த ஒரு பெண் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது.

"நிறுத்திட்டியா?" என்றார் சங்கரலிங்கம்.

பொன்னுராஜின் விரல் இன்னும் திருகிக்கொண்டுதான் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"பெட்டி நல்லாத்தாண்ணே இருக்கு," என்றான் பொன்னுராஜ், அவர் முகத்தைப் பார்க்காமல். "மில்லுச் சத்தத்துனால இருக்கும். எங்க மாமா ஒருத்தருக்கும் இப்பிடித்தான்."

மதுரையில் காது டாக்டர், உள்ளே நரம்பு செத்துவிட்டது, போனது திரும்பாது, அந்தச் சத்தத்திலேயே நின்றால் மிச்சமும் போகும் என்றார். சங்கரலிங்கம் மேஸ்திரி முத்துராமலிங்கத்திடம் போய், பஞ்சு மூட்டை அடுக்கும் பேல் குடோனுக்கு மாற்றிவிட முடியுமா என்று கேட்டார். காரணத்தையும் சொன்னார்.

மேஸ்திரி அவரை மிஷின் ஓரத்திலிருந்து வெளியே தள்ளிக்கொண்டு போனார். "வாய மூடும்யா. காது கேக்கலன்னு ஆபீஸுக்குத் தெரிஞ்சா குடோனுக்கா அனுப்புவான்? வீட்டுக்கு அனுப்பிருவான். இங்க யாருக்குய்யா கேக்குது? எனக்குக் கேக்குதா?"

மறுநாள் வழக்கமான ஷிப்டுக்கே போனார். கழிவுப் பஞ்சை உருட்டிக் காதில் திணித்துக்கொண்டார். வரிசை வரிசையாக நூற்கதிர்கள் சுழன்றன. அறுந்த இழையைப் பிடித்து ஒட்டினார். அடுத்ததற்கு நகர்ந்தார்.

வீட்டில் செட்டுச் சரியாகிவிட்டது என்று மட்டும் சொல்லியிருந்தார். அழகுத்தாய்க்கு உண்மையிலேயே பிடித்துப்போனது. குமிழைத் தனக்கு வேண்டிய அளவுக்குத் திருகி வைத்துக்கொண்டு, கடலை உரிக்கும்போதெல்லாம் அவளே கேசட்டைப் போட்டாள். அவர் எதிரே உட்கார்ந்திருப்பார். அவள் தலை அசைவதைப் பார்ப்பார். கொஞ்ச நாளில் அதையும் விட்டுவிட்டு, அவள் போட்டதும் எழுந்து தெருவுக்குப் போய்விடுவார்.

தை மாதம் ஒரு சாயங்காலம் அவர் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அழகுத்தாய் அடுப்படியிலிருந்து ஏதோ கேட்டாள். அவர் திரும்பவில்லை. மறுபடியும் கேட்டாள். கோபமா என்று பார்த்தாள். பக்கவாட்டில் தெரிந்த முகத்தில் கோபம் இல்லை. அவள் கையிலிருந்த கரண்டியைத் தட்டில் ஓங்கித் தட்டினாள். அதற்கும் அவர் திரும்பவில்லை.

எழுந்து வந்து அவருக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"எம்புட்டு நாளா?" என்றாள்.

அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார் சங்கரலிங்கம். "தெரியல, அழகு," என்றார். "செட்டுதான் சரியில்லன்னு நெனச்சேன்."

அவள் அழவில்லை. சேலைத் தலைப்பால் அவர் காதோரம் ஒட்டியிருந்த பஞ்சுத் தூசியைத் துடைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து, சோறு போடட்டுமா என்று நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள்.