சங்கின் வாய் திறந்த பக்கம்

பட்டினத்து நூல்நிலையத்தின் பின்மண்டபத்தில், ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டு ஆவணி மாதம் நடந்த கடற்கண்காட்சிக்காக ஏழு பேழைகள் நின்றன. ஏழையும் செய்தவன் பள்ளிமுனைத் தச்சன் கிறகரி. முதிரை மரத்தில் சட்டம் இழைத்து, ஓர் ஆணியும் வெளியே தெரியாமல் கோத்து, உப்புக்காற்று புகாதபடி கண்ணாடியின் விளிம்புகளுக்கு மெழுகிட்டு, நான்கு மாதம் உழைத்திருந்தான். திருநாள்தோறும் மாதாவின் சொரூபத்துக்குக் கூடு செய்யும் கை அது. அதே பயபக்தியோடுதான் பழைய சாடிகளுக்கும் தூண்டில்களுக்கும் சங்குகளுக்கும் அவன் வீடு கட்டிக்கொடுத்திருந்தான்.

மண்டபத்து வாசலில் ஒரு பலகை மாட்டப்பட்டிருந்தது. திறந்துவைப்பவர், தலைமை வகிப்பவர், முன்னிலை வகிப்பவர் என்று பட்டங்களோடு எழுதியதில் பலகை முழுவதும் நிறைந்துபோக, அடியில் "அமைத்தவர்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் மிஞ்சியது.

"ஒரு பேர்தான் கொள்ளும் கிறகரி. திறப்பு அண்டைக்குப் பாத்து எழுதுவம்," என்று நூலகர் அமிர்தநாயகம் சொல்லியிருந்தார்.

பார்த்து எழுத என்ன இருக்கிறது? நான்கு மாதமாக அந்த வெற்றிடத்தில் தன் பெயர் எழுதப்பட்டிருப்பதாகவே கிறகரி கண்டுவந்தான். திறப்புக்கு முந்திய வியாழக்கிழமை மாலை வரையில் அதற்கு ஒரு குறையும் வரவில்லை.

மாலையில் தோமஸ் வந்தான். கிறகரியின் தங்கை பெற்றிசியாவை மணந்தவன். நானாட்டானில் வயல் செய்யும் குடும்பத்தவன். பட்டினத்தில் படம் பிடிக்கும் ஸ்ரூடியோ வைத்திருந்தான். தாராபுரத்தில் சங்கு குளிக்கிற மீராசாஹிபு கண்காட்சிக்கென்று ஒரு பெரிய சங்கைக் கொடுத்திருந்தார். அச்சங்கு முதற்பேழையில் இருந்தது. தோமஸ் அதனைக் கறுப்புத் துணியில் வைத்துப் படம் பிடித்து, நான்கு தாள்களில் பெருப்பித்து, ஒட்டுத் தெரியாமல் ஒன்றாக்கி, ஆள் உயரப் படமாகக் கொண்டுவந்திருந்தான்.

சுருளை விரித்ததும் நூலகர் கதிரையை விட்டு எழுந்தார்.

"இது சங்கில்லை ஐசே, கோபுரம்! வாற சனம் முதல் இதிலதான் நிக்கும்."

"மச்சான்ர பெட்டியளும் வடிவுதானே சேர்," என்றான் தோமஸ்.

"ஓமோம். பெட்டி நல்ல பலம்," என்று சொல்லிவிட்டு நூலகர் மறுபடியும் படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பலம்! சவப்பெட்டியைக்கூட அப்படித்தானே சொல்வார்கள்? கிறகரியின் நெஞ்சில் உமியில் வைத்த தணல்போல் அந்தச் சொல் உள்ளுக்குள்ளேயே கனன்றது. ஐந்தாம் பேழையில் பழங்காசுகள் இருந்தன. காசின் இரு முகத்தையும் புரட்டாமலே காணும்படி, அவற்றின் பின்னே இரண்டடி நீளமான முகம்பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பதித்திருந்தான். ஒருவரும் சொல்லிக்கொடுத்ததன்று, மூன்று இரவு உறக்கமின்றி அவனே எண்ணிக் கண்டது. நூலகர் அந்தப் பேழையின் முன் ஒரேயொரு முறைதான் நின்றார். அப்போதும் குனிந்து தலைவகிட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

படத்தைச் சுவரில் ஏற்றும் வேலையும் கிறகரியிடமே வந்தது. கீழே தோமஸ் ஏணியைப் பிடித்துக்கொள்ள, அவன் மேலே நின்று சட்டத்துக்கு ஆணி அறைந்தான். மூன்றாவது ஆணிக்குச் சுத்தியலை ஓங்கியபோது அவன் கை அப்படியே நின்றது.

சங்கின் வாய் மாறியிருந்தது.

கூரிய வாலை மேலே வைத்து, வாய் தன்னை நோக்கும்படி பிடித்தால், கடலில் எடுக்கும் சங்கெல்லாம் இடக்கைப் பக்கம் திறந்திருக்கும். வலக்கைப் பக்கம் திறந்திருப்பது வலம்புரி, இலட்சத்தில் ஒன்று, பேர்சொல்லக் கேட்டவர் பலர், கண்டவர் சிலர். பள்ளிமுனையில் பல்முளைத்த பிள்ளையும் அறிந்த வேறுபாடு அது. படத்துச் சங்கோ வலக்கைப் பக்கம் திறந்திருந்தது. பேழையிலுள்ள சங்கின் உதட்டில் பல் உடைந்ததுபோல் ஒரு தழும்பு உண்டு. அதுவும் படத்தில் பக்கம் மாறியிருந்தது. பிலிமை மறுபுறமாக வைத்துப் பெருப்பித்துவிட்டான் தோமஸ். வயலில் வளர்ந்தவனுக்குச் சங்கின் வாய் எந்தப் பக்கமிருந்தால் என்ன?

'சொல்லு' என்றது ஒரு மனம். 'பொறு' என்றது மற்றது. சனிக்கிழமை கரைமுழுவதும் வரும். வள்ளம் வைத்திருக்கும் சம்மாட்டிமார் வருவார்கள், சங்கு குளிப்பவர்கள் வருவார்கள். முதல் ஆள் சிரிப்பான், அடுத்தவன் கைகொட்டுவான், கோபுரம் சரிந்துவிடும். பலகையின் அந்த ஒற்றை வரியில் எழுத வேறு பெயர் இராது.

"சரியா நிக்குதே மச்சான்?" என்று கீழிருந்து தோமஸ் கேட்டான்.

"சரியா நிக்குது," என்றான் கிறகரி. நூலிட்டுப் பார்த்தாலும் சட்டம் கோணியிராது. அந்த அளவில் அவன் பொய் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை கோயிலில் முழந்தாளிட்டு, பாவசங்கீர்த்தனத்துக்கு மனத்தை ஆயத்தம் செய்தான். சிறுவயதில் மனனம் செய்த தலையான பாவங்கள் ஏழையும் விரல்விட்டு எண்ணினான். காய்மகாரம் என்ற பேரில் விரல் வந்ததும், பிறர் வாழக் கண்டு உள்ளம் எரியும் அந்தக் குற்றத்தைத் தாண்டி, சோம்பலுக்குப் போய்விட்டான். சோம்பல் தன்னிடம் இல்லை என்று கண்டு, சுவாமியாரிடம் போகாமலே எழுந்து வீடு திரும்பினான்.

சனிக்கிழமை காலை நாடா வெட்டி முடிந்ததும் சனம் மண்டபத்துக்குள் பெருகியது. கிறகரி ஐந்தாம் பேழையருகே நின்றுகொண்டு அந்தச் சிரிப்புக்குக் காத்திருந்தான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. படத்தின் முன்னே வந்தவர்களின் பேச்சு அவிந்தது. யாரோ ஒரு கிழவர் செருப்பைக் கழற்றினார்.

"வலம்புரி!" என்று ஒரு குரல் எழுந்தது. "உம்மாணை, வலம்புரியேதான்!"

அச்சொல் மண்டபமெங்கும் பரவி முற்றத்துக்கும் போயிற்று. படம் சரியவில்லை, வானளவு உயர்ந்துவிட்டது. நூலகர் தோமஸின் கையைப் பிடித்துக் குலுக்குவதைக் கண்ட கிறகரிக்கு வாய் கசந்தது. தானே தண்ணீர் ஊற்றி வளர்த்த மரமல்லவா இது என்று எண்ணினான்.

அப்போது வஸீர் சம்மாட்டி முன்னே வந்தார். மீராசாஹிபு இருபது வருடமாக மூழ்குவது அவருடைய வள்ளத்திலிருந்துதான். வலம்புரி அகப்பட்டால் கரையேறுமுன் சம்மாட்டியின் கையில் வைத்துவிடவேண்டும் என்பது அந்த வள்ளத்தின் முறை. மறைத்தவனை எந்தச் சம்மாட்டியும் பிறகு ஏற்றமாட்டார்.

"மீரா, இது உன்ட சங்கோ?"

"ஓம் சம்மாட்டியார். அந்தா பெட்டிக்குள்ள கிடக்கு."

"பெட்டிக்குள்ள கிடக்கிறது இடம்புரி. படத்தில நிக்கிறது என்ன? காட்டினது ஒண்டு, வைச்சது ஒண்டோ?"

"வல்லாஹி, அதுதான் இது. உதட்டுத் தழும்பைப் பாருங்கோ."

"தழும்பு உளியாலயும் வரும்," என்று சம்மாட்டி தோமஸிடம் திரும்பினார். "தம்பி, நீர் சொல்லும். படத்தில ஏதும் மாத்தினீரோ?"

"ஒரு கோடும் மாத்தேல்லை ஐயா," என்றான் தோமஸ், கூட்டம் கேட்கும்படி, நெஞ்சை நிமிர்த்தி. "கண்டது கண்டபடிதான்."

தன் வேலையின் நேர்மையைத்தான் அவன் சொன்னான். ஒரு மனிதனின் கழுத்தில் சுருக்கு விழுவதை அவன் அறியான். மீராசாஹிபு படத்தையும் பேழையையும் மாறிமாறிப் பார்த்தார். கடலடியில் மூச்சடக்கிப் பழகிய அந்த மார்பு இப்போது மூச்சுக்குத் தவித்தது.

"நாளைக்கு வள்ளத்தில ஏறாத," என்றார் சம்மாட்டி.

கிறகரி அசைந்தான். அவனை அசைத்தது மீராசாஹிபின் முகமா, அல்லது அந்தப் படம் இனி ஒரு நொடியும் புகழப்படுவதைப் பொறுக்கமாட்டாத வேதனையா என்பதைப் பின்னாளில் அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இடுப்பிலிருந்த சாவியால் காசுப்பேழையைத் திறந்தான். ஓரச்சட்டத்தில் உளியை நுழைத்து நெம்பினான். மெழுகு உதிர்ந்தது, காசுகள் கலகலவென்று சரிந்தன.

"கிறகரி! உமக்கென்ன விசரே? என்ன செய்யிறீர்?" என்று நூலகர் ஓடிவந்தார்.

மூன்று இரவு விழித்து அமைத்த கண்ணாடி மூன்று நெம்பலில் கையோடு வந்தது. முதற்பேழையிலிருந்த சங்கையும் எடுத்துக்கொண்டு சம்மாட்டியிடம் போனான்.

"சம்மாட்டியார், படத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்கோ. இந்தாங்கோ சங்கு, வால் மேல இருக்கப் பிடியுங்கோ. இப்ப நான் பிடிக்கிற கண்ணாடிக்குள்ள படத்தைப் பாருங்கோ."

சம்மாட்டி பார்த்தார். கண்ணாடிக்குள்ளே படத்துச் சங்கு இடக்கைப் பக்கம் வாய் திறந்து நின்றது. தழும்பு தழும்பின் இடத்தில் இருந்தது. வரி வரியின் இடத்தில் இருந்தது. கையிலுள்ளதும் கண்ணாடியில் உள்ளதும் ஒன்றே.

"பிலிம் மறுபக்கமா விழுந்திட்டுது," என்றான் கிறகரி. "வேற ஒண்டுமில்லை."

"என்ர மாதாவே!" என்று தோமஸ் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

சம்மாட்டி திரும்பி மீராசாஹிபிடம் நடந்தார். பின்பு, குளிப்பவன் சம்மாட்டியின் கையில் வைப்பதே முறையாயிருக்க, அவர் தாமே அந்தச் சங்கை இரு கையாலும் ஏந்தி மீராசாஹிபின் கையில் வைத்தார்.

"விடியச் சுணங்காம வா," என்றார்.

மீராசாஹிபு கண்ணைத் துடைத்துக்கொண்டு தோமஸைப் பார்த்தார். "தம்பி, சங்கை வலம்புரி ஆக்கிப்போட்டீர். என்ட ஓலை வீட்டையும் ஒருக்காப் படம் பிடியுமன், மாடியா வருதோ பாப்பம்."

மண்டபம் குலுங்கச் சிரித்தது. கிறகரி இரண்டு நாளாகக் காத்திருந்த சிரிப்பு அது. ஆனால் முதலில் சிரித்தவன் தோமஸ். உரக்கச் சிரித்தவனும் அவனே.

சிரிப்பு ஓய்ந்தபின் தோமஸ் அருகே வந்து தாழ்ந்த குரலில் கேட்டான்: "மச்சான், எப்ப கண்டனீங்கள்?"

பொய் நாவின் நுனிவரை வந்தது. "வியாழக்கிழமை. ஆணி அடிக்கேக்க."

தோமஸ் அவனை ஒரு கணம் பார்த்தான். பிறகு நேரே நூலகரிடம் நடந்தான். 'முடிந்தது' என்று கிறகரி எண்ணினான். தச்சுப்பையின் வாரை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"சேர், அந்தப் பலகையில மச்சான்ர பேரைப் போடுங்கோ," என்றான் தோமஸ்.

"நானும் அதைத்தான் நினைச்சனான். அந்தப் பெட்டிக்குள்ள கண்ணாடி இருந்ததெண்டே இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாது ஐசே!" என்றார், அதிலேயே வகிடு சரிசெய்துகொண்ட நூலகர்.

வர்ணக்காரன் கதிர்காமு தூரிகையோடு வந்தான். நீல மையில் கிறகரியின் பெயர் ஒவ்வோர் எழுத்தாக அந்த வரியில் இறங்கியது. கிறகரி வாசலில் நின்று கடைசி எழுத்து உலரும் வரையில் பார்த்தான். அவனைத் தவிர வேறு எவரும் அதைப் பார்க்கவில்லை. சனமெல்லாம் உள்ளே படத்தின் முன் நெருக்கியடித்து நின்றது. நடுவில் தோமஸ் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து, தன் பிழையைத் தானே விளக்கிக்கொண்டிருந்தான். "இஞ்ச பாருங்கோ, பிழை; இதுக்குள்ள பாருங்கோ, சரி!" கேட்டவர்கள் மீண்டும் கேட்டார்கள். பிள்ளைகள் அவன் காலைக் கட்டிக்கொண்டு நின்றன.

காட்டிக்கொடுத்திருக்கலாம், தோமஸ் காட்டிக்கொடுக்கவில்லை. அது கிறகரிக்கு ஆறுதலாக இருக்கவில்லை. முன்பு அவன் பொறாமைப்பட்டது ஒரு படத்தின் மீது. படத்தில் பிழையும் இருந்தது. இப்போது எரிவது எதன்மீது? தன் பிழையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துச் சிரிக்க வல்ல அந்த மனத்தின்மீது. அதில் அவன் எந்தக் குற்றத்தையும் காணவில்லை.

"மச்சான்! வாங்கோ இஞ்சால! உங்கட கண்ணாடியைச் சாய்ச்சுப் பிடிக்க எனக்குத் தெரியேல்லை!" என்று கூட்டத்துக்குள்ளிருந்து தோமஸ் கூப்பிட்டான்.

கிறகரிக்கு நன்றாகக் கேட்டது. அவன் ஐந்தாம் பேழையின் முன் குந்தி, சரிந்து கிடந்த காசுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரே முகம் மேலே தெரியும்படி வரிசையாக அடுக்கத் தொடங்கினான்.